விடை எதற்குச் சான்று? ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவும் தேர்ச்சியின் உருவாக்கமும்

ஒருவர் எழுதிய கட்டுரையையோ நிரலையோ அவருடைய தேர்ச்சிக்குச் சான்றாகக் கொள்கிறோம். அதை எழுதி முடிக்கும் உழைப்புதான் அவரைத் தேர்ந்தவராக்கியிருக்கும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. உளவியல் ஆய்வுகள் இந்த நம்பிக்கையை நெடுநாளாக வலுப்படுத்தி வந்துள்ளன. வெறுமனே வாசித்த சொல்லைவிடத் தானே வருவித்த சொல் நினைவில் நன்றாக நிற்கும் என்று ஸ்லாமெக்காவும் கிராஃபும் 1978இல் காட்டினர். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பவரைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பவரே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவுகூர்கிறார் என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டினர். ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவு வந்தபின், ஆக்கம் கையில் இருக்கும். அதற்குரிய உழைப்பு எங்குமே நடந்திருக்காது. எனவே கருவி உதவுமா, கெடுக்குமா என்ற கேள்விக்குக் கருவியை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. விடைக்கு முன் முயற்சி நிகழ்ந்ததா, அந்த முயற்சியின் பலனைக் கருவியில்லாமல் சோதிக்க இடம் உண்டா என்பவற்றையே பார்க்க வேண்டும்.

துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ 1000 மாணவரிடம் ஹம்சா பஸ்தானி குழுவினர் நடத்திய கணிதச் சோதனை இதைத் தெளிவாக்குகிறது. வழக்கமான ஜிபிடி-4 உரையாடியைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் கருவி இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் பெற்றனர். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைக்கப்பட்ட வடிவத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு 127 விழுக்காடு கூடியது. பிறகு கருவி இல்லாமல் தேர்வு நடந்தது. முதல் குழுவினர் கருவியையே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். இரண்டாம் குழுவினருக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இரு குழுவின் கருவிக்கும் அடியில் இருந்தது ஒரே ஜிபிடி-4 மொழி மாதிரிதான். ஆனால் 127 விழுக்காடு கூடியவர்களும் தேர்வில் கருவி இல்லாதவர்களை முந்திவிடவில்லை என்பதைக் கருவியின் ஆதரவாளர்கள் எளிதில் தாண்டிப் போகிறார்கள். இன்னொன்றும் உண்டு: பின்தங்கியதை முதல் குழுவினர் உணரவில்லை. இந்த உணர்வுப் பிழை மாணவர்களோடு நிற்பதில்லை. 2025இல் மீட்டர் (METR) என்ற ஆய்வு நிறுவனம் அனுபவமுள்ள 16 நிரலாளர்களை ஆராய்ந்தபோது, செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 விழுக்காடு விரைவாக முடித்ததாக நம்பினர். தன் திறனைத் தானே மதிப்பிட்டுத் திருத்திக்கொள்வார் என்று பயனரிடம் பொறுப்பை விட்டுவிட இயலாது என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிரின்யோல்ஃப்சன் குழுவினர் 5000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களை ஆராய்ந்தபோது, செயற்கை நுண்ணறிவின் பரிந்துரைகள் புதியவர்களின் உற்பத்தித்திறனைச் சுமார் 30 விழுக்காடு உயர்த்தியிருந்தன. கருவி இடையில் செயலிழந்த நேரங்களிலும் அந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி நிலைத்தது. அதாவது அவர்கள் உண்மையிலேயே கற்றிருந்தார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பணியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பரிந்துரையை ஏற்பதா, மாற்றுவதா, தள்ளுவதா என்று பணியாளரே தீர்மானிக்கிறார். அது பலித்ததா என்பதை வாடிக்கையாளரின் அடுத்த வரியே காட்டிவிடுகிறது. தீர்ப்பும் பின்விளைவும் அங்கே பணியாளரிடமே இருக்கின்றன. கருவி எழுதிய கட்டுரையைச் சமர்ப்பிக்கும் மாணவரிடம் இரண்டுமே இல்லை. மேலும், அதே ஆய்வில் மிகத் தேர்ந்த பணியாளர்களுக்குப் பலன் சொற்பமே. புதியவரைச் சராசரி நிலைக்கு விரைந்து உயர்த்துவது ஒன்று, சராசரியைக் கடந்து செல்ல வைப்பது வேறொன்று; அந்தச் சான்று முதலாவதற்கு மட்டுமே உரியது.

கணிப்பான் வந்தபோதும் இப்படித்தான் அஞ்சினார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் கணிப்பானுக்குக் கணக்கை அமைத்துக் கொடுப்பவர் மனிதர். ஆக்கமுறைக் கருவிகளோ அந்த அமைப்பு வேலையையும் ஏற்றுக்கொள்கின்றன. சதுரங்கம் இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம். 1997இல் டீப் புளூ என்ற கணினி காஸ்பரோவை வென்ற பின்னும் மனிதத் தேர்ச்சி அழியவில்லை. சென்னையின் குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக வாகையர் ஆனார். வளரும் பருவத்தில் அவரைச் செஸ் என்ஜின்களிலிருந்து (சதுரங்க நகர்வுகளை ஆராயும் நிரல்களிலிருந்து) விலக்கியே வைத்திருந்தார் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள் அல்லர். என்ஜினோடு வளர்ந்து சிகரம் தொட்டவர்களும் உண்டு. ஆனால் இரு சாராரும் ஆட்ட அரங்கினுள் எந்திரமின்றியே அமர வேண்டும். வீட்டில் என்ஜின் காட்டிய நகர்வைப் புரிந்துகொண்டாரா என்பது பலகையின் முன் தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் அத்தகைய அரங்கு இல்லை. தேர்ச்சி பெற்ற பின் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது: போலந்தின் நான்கு மையங்களில், பெருங்குடல் அகநோக்கியில் செயற்கை நுண்ணறிவுக்குப் பழகிய அனுபவமிக்க மருத்துவர்கள் அது இல்லாமல் செய்த சோதனைகளில் அடினோமாக் கட்டியைக் கண்டறியும் விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 ஆக இறங்கியது. (அது படத்தில் கட்டியைக் காட்டும் கருவி, ஆக்கமுறைக் கருவி அன்று, ஆய்வும் பின்னோக்கிப் பார்த்த ஒன்றே. ஆகவே அளவோடுதான் பொருத்திப் பார்க்க வேண்டும்.) தானியக்கம், தன்னைக் கண்காணிக்க வேண்டிய மனிதரின் திறனையே தேய்த்துவிடுகிறது என்று லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983லேயே எழுதியிருந்தார். விமானத் துறை அந்த எச்சரிக்கையைச் செவிமடுத்தது. உரிய தருணங்களில் விமானிகளைக் கையால் ஓட்டச் சொல்லும்படி 2013 ஜனவரியில் அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே திறன் தேய்ந்தால் விபத்து காட்டிக்கொடுக்கும். மென்பொருள் நிறுவனத்திலும் பல்கலைக்கழகத்திலும் அப்படி உடனே காட்டிக்கொடுக்க ஏதுமில்லை. அதனால் கருவியில்லாத வாய்மொழித் தேர்வையும், புதியவர் தானே முயன்று பிழை செய்வதற்கான ஊதிய நேரத்தையும் நிறுவனங்களே விதியாக்க வேண்டியிருக்கிறது. அந்த மணிநேரத்தின் செலவு கணக்கேட்டில் உடனே ஏறிவிடும். அதன் வரவு தெரிய ஆண்டுகள் ஆகும்.