கல்லில் பிறக்கும் இசை

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயிலை அறிந்தோர், அதனோடு திருமலை நாயக்கர் பெயரையும் சேர்த்தே அறிவர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அம்மன்னர், திருவில்லிபுத்தூரில் பூசை முடிந்த பின்னரே உணவு கொள்வாராம். அச்செய்தி மதுரையை எட்டுவதற்காக வழிநெடுகக் கல்மண்டபங்கள் எழுப்பி, மண்டபத்துக்கு மண்டபம் நகரா முழங்கச் செய்தாராம். செவிவழிச் செய்திதான், எனினும் அம்மண்டபங்களுட் சில இன்றும் நிற்கின்றன. 'நகரா' என்பது அரபு மொழியின் 'நக்காரா' அன்றோ! நம் பள்ளிவாசல்களிலும் நாகூர் தர்காவிலும் முழங்கிய அதே முரசு.

அங்கே கல், முரசுக்கு நிழல் தந்ததோடு நின்றது. தெற்கே நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்திலோ கல்லே கருவியாயிற்று. ஒரே பாறையில் நடுத்தூணும் அதனைச் சூழ்ந்த மெல்லிய சிறுதூண்களும் குடைந்தெடுக்கப்பட்டுள்ளன. தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் 22 சிறுதூண்கள் சூழ்ந்த இசைத்தூண்கள் ஐந்து உள.

இத்தூண்கள் உள்ளே கூடானவை என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை சிற்பியின் பெருமையைக் குறைப்பதாகும். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். அத்தூண்கள் கெட்டியானவையே, தட்டும்போது அவை வளைந்து அதிர்வதால் ஓசை எழுகிறது. எனவே நீளமும் பருமனுமே சுரத்தைத் தீர்மானிக்கின்றன. உளியால் தட்டிப் பார்த்து, ஒலிக்கும் கல்லைத் தேர்ந்து, சுரம் பிறக்கும் அளவறிந்து நிறுத்திய அந்தச் செவி எத்தகைய செவி! மயிரிழை மிகுதியாகச் செதுக்கிவிட்டால் மீண்டும் ஒட்டவைக்க முடியாதே.

தட்டத் தட்டத் தூண் தேயும், விரிசலும் விடும். ஹம்பியில் அவற்றைத் தட்டத் தடை விதித்திருப்பது முறையே. ஆனால், ஒலிக்கவென்று பிறந்த கல் ஊமையாய் நிற்பதும் இழப்பன்றோ?

மேல்நாட்டார் வேறு வழி கண்டனர். எல்மார் டௌகர் என்னும் ஜெர்மானியச் சிற்பி ஒலிக்கும் கற்களைப் புதிதாகவே செதுக்கினார். அவற்றைக் கொண்டு ஸ்டெபான் மிக்குஸ், உல்ம் நகரப் பேராலயத்தில் வேறு சிலருடன் இசைத்த சிற்றரங்கு இசை 1989இல் இசைத்தட்டாக வெளிவந்தது. பழைய கல் எதுவும் அடிபடவில்லை.

நம்மிடம் கருங்கல்லுக்கும் பஞ்சமில்லை, உளிக்கும் பஞ்சமில்லை. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசினர் சிற்பக்கல்லூரி நடந்து வருகிறது. அங்கே பயிலும் இளைஞர் ஒருவர், நெல்லைத் தூணின் அளவுகளை வாங்கி, ஏழு சிறுதூண்களை மட்டும் செதுக்கித் தரட்டும். வாசிக்க ஒரு வித்துவான் கிடைக்காமலா போவார்?