சாமுராய்

கத்தியைச் சுழற்றுகிற ஜப்பானியர் எல்லாரும் நம் திரை விமர்சனங்களில் சாமுராய்தான். சொல்லின் வேரில் கத்தியே இல்லை. 'சபுராவு' என்ற பழைய வினைக்கு, பெரியவர் பக்கத்தில் ஏவலுக்குக் காத்து நிற்றல் என்று பொருள். அதில் பிறந்த 'சபுராய்' முதலில் பிரபுக்களின் வீட்டுப் பணியாளைக் குறித்தது. காவலுக்கு ஆயுதம் ஏந்தியவர்கள் பெருகப் பெருகப் போர்வீரனுக்குப் பெயராகி, பிற்பட்ட எடோ காலத்தில் பிறப்பால் வரும் தகுதியாகவே இறுகிவிட்டது. போர்வீரனுக்கு நேர்ச்சொல் 'புஷி'. தலைவனை இழந்தவன் 'ரோனின்'. இயக்குநர் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' (1954) படத்தில் கிராமத்தார் காவலுக்கு அமர்த்துவது ரோனின்களைத்தான்; அவர்களோடு சேரும், நடிகர் மிஃபூனே ஏற்ற கிகுச்சியோவோ உழவன் மகன்! தமிழில் எனக்குப் பிடித்த இணை 'சேவகன்'. ஏவல் செய்பவன், வீரன் என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. கம்பனுக்கு இராமனே சேவகன். ஆனால் நம் சொல் எதிர்த்திசையில் இறங்கி, டவாலி அணிந்து அலுவலக வாசலில் நிற்கிறது. இன்று 'கடைசிச் சாமுராய்' என்பதைக் 'கடைசிச் சேவகன்' என்று மாற்றினால் ஓய்வுபெறும் பியூன்தான் நினைவுக்கு வருவார். ஆகவே சாமுராய் அப்படியே இருக்கட்டும், அந்த வகுப்பாருக்கு மட்டும். மற்றவர்களுக்கு 'வாள்வீரன்' என்று எழுதுங்கள்.