வாவிக்கரையின் மூலநாடா

புகழ்பெற்ற பாடகர் ஒருவர் மறைந்தபின் அவருடைய இசைத்தட்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரப்போகின்றன என்று செய்தி வந்தால், ரசிகர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். 1981இல் இறந்த பொப் மார்லிக்கு 1992இல் நான்கு வட்டுகள் கொண்ட தொகுப்பு வந்தது. 1991இல் இறந்த பிரெடி மெர்க்குரியின் தனிப்பாடல்கள் 2000ஆம் ஆண்டில் பத்து இறுவட்டுகளும் இரண்டு காணொளி வட்டுகளுமாகப் பெட்டிக்குள் அடங்கின. அந்தக் காத்திருப்பில் ஓர் உறுதி இருக்கிறது. மூலநாடா ஒலிப்பதிவு நிறுவனத்தின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட ஒரு பெயர் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத இசைக்கு என்ன நடக்கும் என்பதை மட்டக்களப்பு வாவிக்கரையில் பார்க்கலாம். அங்கு வாழும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரின் கலியாண வீட்டு இசையான கப்ரிஞ்ஞாவுக்கு நிறுவனமும் இல்லை, நட்சத்திரப் பாடகரும் இல்லை, சந்தையும் இல்லை. ஆனால் அதுவும் ஒருமுறை பெட்டிக்குள் போயிருக்கிறது. அந்தப் பெட்டி சொன்ன கதை பாதிக் கதை என்பதும், மீதியைச் சொல்லும் தொகுப்பு மட்டக்களப்பிலிருந்தே வரவேண்டும் என்பதும் என் வாதம்.

அந்தப் பெட்டி 1998இல் போர்த்துக்கலில் வெளிவந்தது. வாஸ்கோ ட காமா இந்தியாவுக்கு வந்து ஐந்நூறு ஆண்டு நிறைந்ததையொட்டி லிஸ்பனில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு அது. 'ஒலிகளின் பயணம்' என்று பொருள்படும் தலைப்பில் டிராடிசோம் நிறுவனம் பன்னிரண்டு இறுவட்டுகளை வெளியிட்டது. கோவா, மலாக்கா, மக்காவ், திமோர், மொசாம்பிக் என்று போர்த்துக்கேயக் கப்பல்கள் தொட்ட கரைகளின் இசை அதில் திரட்டப்பட்டது. இலங்கைக்கென ஒதுக்கிய வட்டில் மட்டக்களப்புப் பறங்கியரின் இசைக்கும் இடம் கிடைத்தது. முயற்சி பெரியது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பன்னிரண்டு வட்டுகளையும் கோத்த நூல் கப்பற் பயணம். அந்த வரிசையில் வைத்துக் கேட்கும்போது, கப்ரிஞ்ஞா லிஸ்பனிலிருந்து கரையேறி அப்படியே உறைந்துபோன ஒன்றாகக் காதில் விழுகிறது. வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

போர்த்துக்கேயர் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். மட்டக்களப்புக் கோட்டையில் போர்த்துக்கேயக் கொடி பறந்தது பத்தே ஆண்டுகள்தான். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு ஒல்லாந்தரும், அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு ஆங்கிலேயரும் ஆண்டார்கள். போர்த்துக்கேய அரசு போனபிறகும் பறங்கியர் இருந்தார்கள், அவர்களுடைய மொழியும் இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தபோது, கோவாவிலிருந்து மறைந்து வந்த குருமாரின் துணையோடு நாட்டின் கத்தோலிக்கர்கள் தங்கள் சமயத்தைக் காத்தார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் தச்சு வேலை, இரும்பு வேலை, தையல், சப்பாத்துத் தைப்பது என்று கைத்தொழில்களில் காலூன்றி, தமிழரோடும் முஸ்லிம்களோடும் ஒரே சந்தையில் வாழ்ந்தார்கள். 1970களில் அவர்களுடைய பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் இயன் சிமித், அதன் இலக்கணம் தமிழின் போக்கிலேயே வளைந்திருப்பதைக் காட்டினார். சொற்கள் போர்த்துக்கேயம், வினையோ தமிழிற்போல வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். வாக்கிய அமைப்பே வாவிக்கரைக்கு ஏற்ப மாறியிருக்கும்போது, அந்த வாக்கியங்களில் பாடிய பாட்டு மாறாமல் இருந்திருக்கும் என்று எப்படி நம்புவது?

இசையிலும் அதே சான்று கிடைக்கிறது. பறங்கியர் கலியாணத்தில் முன்னே போவது வயலின். அது மெட்டை எடுத்துக்கொடுக்க, கிற்றாரும் றபான் என்னும் தோல்வாத்தியமும் தாளத்தைத் தாங்கும். ஆறு எண்ணிக்கைத் தாளம் ஒரு சுற்றில் மும்மூன்றாகவும் அடுத்த சுற்றில் இரண்டிரண்டாகவும் பிரிந்து விழுவதுபோல் கேட்கும். ஆடுபவரின் கால் எந்தப் பிரிவைப் பிடிப்பது என்று ஒரு கணம் தயங்கி, பிறகு துள்ளும். அந்தத் துள்ளலில் போர்த்துக்கேயர் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் பங்கு இருக்கிறது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். பாட்டு நாலடியாக வரும், ஒருவர் விட்ட அடிக்கு மற்றவர் பதிலடி போடுவார். இதே கலியாண வீட்டில் லான்சர்ஸ் என்ற ஆட்டமும் உண்டு. நான்கு சோடிகள் சதுரமாக நின்று ஆடும் அந்த ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடன மண்டபங்களில் ஆடப்பட்டது. போர்த்துக்கேயர் போய் இருநூறு ஆண்டு கழிந்தபின் ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஆட்டம், பறங்கியரின் மரபாக இன்று மட்டக்களப்பில் நிற்கிறது. ஆபிரிக்கத் தாளம், ஐரோப்பிய வயலின், றபான், விக்டோரியா காலத்துச் சதுர நடனம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பந்தலுக்குள் கொண்டுவந்தது லிஸ்பனும் அல்ல, இலண்டனும் அல்ல. அது நடந்தது புளியந்தீவிலும், பறங்கியர் குடியிருப்பான டச்பாரிலும்.

இதற்கு முதலில் எழக்கூடிய மறுப்பு பைலாவைக் காட்டி வரும். கப்ரிஞ்ஞாவின் தாளம் பைலாவாகி நாடு முழுவதும் கேட்கிறதே, வானொலியிலும் இசைத்தட்டிலும் பதிந்திருக்கிறதே, பிறகு தனித்தொகுப்பு எதற்கு என்று கேட்பார்கள். பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன்ஸ் 1940களிலிருந்து சிங்களத்தில் பைலாவுக்குப் புது வடிவம் கொடுத்தார். எம்.எஸ். பெர்னாண்டோ அதை மேலும் பரப்பினார். 1970களில் தமிழிலும் அந்தத் துள்ளல் பொப்பிசையாக வந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் மேடையேறினால் கூட்டம் எழுந்து ஆடியது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய பாடல்கள் முறையாக ஒரே தொகுப்பில் வரவேண்டும் என்ற ஆசை ஈழத்து ரசிகர் பலருக்கு உண்டு. அது நியாயமான ஆசை, நிறைவேறவேண்டும். ஆனாலும் கிளையைக் காட்டி வேரைப் பார்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மேடைப் பைலாவும் பொப்பிசையும் தாளத்தை எடுத்துக்கொண்டன, மொழியை எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் அடி விட்டுப் பாடும் கலியாண வீட்டு வழக்கத்தையும், ஆட்டத்தின் கட்டங்களுக்கு ஏற்ப வயலின் மெட்டு மாறும் ஒழுங்கையும் மூன்று நிமிட இசைத்தட்டில் அடக்க இயலாது. பைலா எவ்வளவு பிரபலமானதோ அவ்வளவுக்கு அதன் மட்டக்களப்பு உறவு மறைந்துபோனது என்றே நான் கருதுகிறேன்.

மட்டக்களப்பு தன் பாட்டைத் திரட்டத் தெரியாத மண் அல்ல. தி. சதாசிவ ஐயர் 1940இலேயே மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல், தாம் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், யாழ்நூலை அரங்கேற்றினார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் துணையோடு வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். இந்த முயற்சிகள் தமிழ் மரபைச் சுற்றியே நடந்தன, பறங்கியரின் பாட்டு அவற்றுக்கு வெளியே நின்றது. அதைத் திரட்டியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவில் சேவை அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் சேர்த்த ஏடுகளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் மட்டக்களப்புப் பறங்கியரின் பாட்டுகள் இருக்கின்றன. அவை இலண்டன் போய்ச் சேர்ந்தன. கோவாவைச் சேர்ந்த குருவும் மொழியறிஞருமான டல்காடோ 1900இல் இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றிய நூலை லிஸ்பனில் வெளியிட்டார். ஆனால் நெவிலின் தாளிலும் டல்காடோவின் நூலிலும் எழுத்துத்தான் இருக்கிறது. வயலினின் வில் எந்த இடத்தில் இழுத்தது, றபான் எந்த அடியில் முந்தியது என்பதைத் தாள் சொல்லாது.

ஓசையை ஊன்றிப் பதிவுசெய்யும் ஆராய்ச்சி 1970களில்தான் தொடங்கியது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் மட்டக்களப்பில் பாட்டுகளைத் திரட்டி, நெவிலின் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்து ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். எங்கள் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும், இசை ஆய்வாளர் மகேஷ் ராதாகிருஷ்ணனும், அவர்களுடைய குழுவினரும் கிழக்கு மாகாணத்தில் மொழியையும் இசையையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து, அழியும் மொழிகளுக்கான ஆவணகத்தில் வைப்பிலிட்டிருக்கிறார்கள். அந்த ஆவணகம் முன்பு இலண்டனில் இருந்தது, இப்போது பேர்லினில் இருக்கிறது. கப்ரிஞ்ஞாவுக்கு மூலநாடா என்று ஒன்று உண்டென்றால் அது ஆய்வாளர்களின் இந்தப் பதிவுகள்தான். ஊரில் இருந்திருக்கக்கூடியவை எங்கே போயின என்பதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. போர்க்காலத்தில் ஊரடங்கு இரவுக் கொண்டாட்டங்களைக் குறுக்கியது, குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை டச்பாரில் கடலோரத்துப் பறங்கியர் குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. உயிர்களோடு வாத்தியங்களும் படங்களும் ஒலிநாடாக்களும் போயின. எஞ்சியோர் பலர் பனிச்சையடியில் புது வீடுகளில் குடியேறினார்கள்.

பதிவுகள் ஆவணகத்தில் இருக்கின்றன, இணையத்தில் திறந்தும் கிடக்கின்றன, பெட்டி போட்டு என்ன ஆகப்போகிறது என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவான மறுப்பு, ஒதுக்கிவிட முடியாது. ஆவணகம் செய்த வேலைக்கு ஈடே இல்லை. ஆனால் ஆவணகம் ஆய்வாளரின் தேவைக்கு அடுக்கப்பட்டது. கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் விவரணை, வாக்கியங்களுக்கு இலக்கணக் குறிப்பு என்று அது இருக்கும். தன் பாட்டனார் வாசித்த வயலினைக் கேட்க விரும்பும் பனிச்சையடிப் பிள்ளை அதற்குள் வழி கண்டுபிடிப்பது கடினம். தொகுப்பு என்பது வேறு வேலை. தேர்ந்தெடுக்கவேண்டும், வரிசைப்படுத்தவேண்டும், எந்தப் பாட்டுக்குப் பின் எது கலியாணத்தில் வரும் என்று வாசித்தவர்களிடமே கேட்டு அடுக்கவேண்டும். பாட்டைப் பறங்கியர் மொழியிலும் அதன் பொருளைத் தமிழிலும் ஒரு சிறு புத்தகமாகச் சேர்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசித்தவரின் பெயரை அவருடைய சம்மதத்தோடு அல்லது குடும்பத்தின் சம்மதத்தோடு பெட்டியின் மேலேயே போடவேண்டும். மார்லியின் பெட்டியை ரசிகர்கள் தேடி வாங்கியது அது மார்லி என்பதால். மட்டக்களப்பு வயலின்காரர்களை 'நாட்டார் கலைஞர்' என்ற பொதுச் சொல்லுக்குள் தள்ளிவிட்டு, அவர்களுக்கு ரசிகர்கள் இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை.

பதிவு வந்தால் உயிருள்ள கலை உறைந்துவிடும், எல்லோரும் வட்டில் உள்ளபடியே வாசிக்கத் தொடங்குவார்கள் என்ற அச்சமும் உண்டு. கூத்து பேராதனை மேடைக்கு வந்தபோதும் இப்படி அஞ்சினார்கள். விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கினால் கிராமத்துக் கூத்துக் கெட்டுவிடும் என்றார்கள். மேடைக் கூத்து ஒரு பக்கம் வளர்ந்தது, வட்டக்களரியில் ஊர்க்கூத்தும் ஆடப்பட்டுத்தான் வருகிறது. கப்ரிஞ்ஞாவை அச்சுறுத்துவது பதிவு அல்ல. மொழியைப் பேசும் இளையவர் குறைவதும், கலியாண மண்டபத்தில் ஒலிபெருக்கி வயலினின் இடத்தைப் பிடிப்பதும், குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்கும் கொழும்புக்கும் பெயர்வதும்தான் அதை அச்சுறுத்துகின்றன. தவிரவும், ஒரே மெட்டை 1970களில் ஒருவரும் 2010களில் இன்னொருவரும் வாசித்த இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து வைத்தால், கேட்கும் பிள்ளைக்கு இது மாறும் இசை என்பது விளங்கும், தானும் மாற்றலாம் என்ற துணிவும் வரும். உறைதலுக்கு அதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் செய்ய ஆட்கள் இல்லாமலும் இல்லை. மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் இருக்கிறது. தலைமையும் இறுதிச் சொல்லும் அவர்களிடம் இருக்கவேண்டும், உரிமையும் அவர்களுடையதே. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. இசை படிக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். கர்நாடக இசைக்கும் கூத்துக்கும் பக்கத்தில் கப்ரிஞ்ஞாவுக்கும் அங்கு ஓர் இடம் கொடுப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. ஈழத்துத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இயங்குகிறது. லிஸ்பனிலும் பேர்லினிலும் உள்ளவர்களிடம் பிரதி கேட்டுக் கடிதம் எழுதும் வேலையை இவர்கள் மூவரும் சேர்ந்தே தொடங்கலாம்.

அதற்கு முன்பு வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மட்டக்களப்பிலோ, திருகோணமலையிலோ, மெல்பேணிலோ உங்கள் வீட்டு அலுமாரியில் 1980கள், 1990களின் கலியாண வீட்டுக் கசெற்றோ வீடியோ நாடாவோ கிடக்கலாம். பறங்கியர் வீட்டுக் கலியாணத்துக்கு அழைக்கப்பட்டுப் போன தமிழர், முஸ்லிம் வீடுகளிலும் கிடக்கலாம். கசெற்றின் கண்ணாடிச் சாளரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். வாவிக்காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் பிடிக்கும். அப்படியான நாடாவைப் பழைய றெக்கோடரில் போட்டு ஓட்டாதீர்கள், நாடா அறுந்துவிடும், கருவியும் கெடும். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், எண்ணிமமாக்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது யாருடைய கலியாணம், எந்த ஆண்டு, எந்த ஊர், வயலின் வாசித்தவர் யார் என்று நினைவுள்ளவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.