ஒரு படையெடுப்பும் இரு அறிவுத்துறைகளும்: எகிப்தியத் தொல்லியல், கண் மருத்துவம் பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

தொல்லியலாளனும் கண் மருத்துவனும் இன்றைய பல்கலைக்கழக அமைப்பிலே ஒருவரையொருவர் அறியாது வாழ்பவர்கள். ஒருவன் மண்ணுள் மறைந்த கல்லை நோக்குகிறான். மற்றவன் இமையுள் மறைந்த நோயை நோக்குகிறான். இவ்விரு துறைகளின் வரலாற்றை எழுதியோரும் பெரும்பாலும் அவற்றைத் தனித்தனிக் கதைகளாகவே, அதிலும் மேதைகள் சிலரின் வாழ்க்கைச் சரிதங்களாகவே எழுதிச் சென்றுள்ளனர். அவ்வாறு நோக்குமிடத்து அறிவு என்பது சமூகத்திற்குப் புறத்தே, தனிமனித மூளையிற் பிறப்பதொன்று எனும் மயக்கம் ஏற்படுதல் தவிர்க்க முடியாதது. எகிப்தைக் களமாகக் கொண்டு இவ்விரு துறைகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், அவற்றின் சமூக அடித்தளம் தெளிவுறும் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

1798ஆம் ஆண்டு யூலை மாதத்திலே நெப்போலியனின் படை அலெக்சாந்திரியாவிற் கரையிறங்கியது. இந்தியாவுடனான பிரித்தானிய வணிகத்தின் வழியைத் தாக்குவதும், புரட்சிக்குப் பிந்திய பிரெஞ்சு முதலாளி வர்க்கத்திற்கு ஒரு குடியேற்ற நாட்டைத் தேடிக் கொடுப்பதும் அப்படையெடுப்பின் நோக்கங்களாயின. படைவீரருடன் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அறிஞரும் அழைத்துச் செல்லப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலேயே கெய்ரோவில் எகிப்திய ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. பீரங்கியும் அளவுகோலும் ஒரே கப்பலிற் சென்றமை தற்செயலன்று. ஒரு நாட்டை ஆள்வதற்கு அதன் நிலம், நீர், நோய், பழமை ஆகிய யாவற்றையும் அளந்தறிதல் வேண்டியதாயிற்று. 1809 முதல் 1828 வரை வெளிவந்த 'எகிப்து விவரணம்' எனும் பெருந்தொகுதி அவ்வளவையின் விளைபொருளேயாகும்.

1799 யூலையிலே, றோசெற்றா எனப்பட்ட ரஷீத் நகரின் அருகே கோட்டையொன்றைப் புதுப்பிக்கையில், மூன்று வரிவடிவங்கள் பொறிக்கப்பட்ட கல்லொன்று வெளிப்பட்டது. மேலே சித்திர எழுத்தும், இடையே அன்றாட வழக்கு எழுத்தும், கீழே கிரேக்கமும் அதில் அமைந்திருந்தன. கி.மு. 196இல் ஐந்தாம் தொலமியின் ஆட்சியிற் பொறிக்கப்பட்ட அச்சாசனம், 1801இல் பிரெஞ்சுப் படை சரணடைந்தபோது வெற்றிப்பொருளாகப் பிரித்தானியர் கைக்கு மாறி, 1802இல் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தது. பிரித்தானியப் படையினால் 1801இல் எகிப்திற் கைப்பற்றப்பட்டது எனும் வாசகம் அக்கல்லின் பக்கவாட்டிலே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கல்லின் மீது எழுதப்பட்ட நான்காவது சாசனம் என அதனைக் கொள்ளலாம். ஏனைய மூன்றும் மன்னனொருவனின் அதிகாரத்தைக் கூறின. நான்காவது பேரரசொன்றின் அதிகாரத்தைக் கூறிற்று.

கல் மட்டும் கப்பலேறவில்லை. எகிப்தில் நின்ற இரு தரப்புப் படைகளிலும் கடுமையான கண்நோய் பரவியது. 'எகிப்தியக் கண்ணழற்சி' எனப் பெயர்பெற்ற அந்நோய், திரக்கோமாவும் வேறு சில கண் தொற்றுகளும் கலந்ததென இன்று கருதப்படுகின்றது. திரும்பிய வீரருடன் அது ஐரோப்பியப் படைமுகாம்களுட் புகுந்தது. இங்கிலாந்தில் நிலைகொண்டிருந்த 52ஆம் படைப்பிரிவின் பட்டாளமொன்றைப் பற்றிப் படை மருத்துவரான ஜோன் வெற்ச் 1807இல் வெளியிட்ட நூல் தரும் கணக்கு மனங்கொள்ளத்தக்கது. ஏறத்தாழ எழுநூறு பேரைக் கொண்ட அப்பட்டாளத்தில் ஓராண்டுக்குள் 636 நோய்த் தாக்கங்கள் பதிவாகின. ஐம்பதின்மர் இரு கண்களையும் நாற்பதின்மர் ஒரு கண்ணையும் இழந்தனர். நோய் எகிப்தின் காற்றினாலன்று, நோயுற்ற கண்ணின் கசிவினாலேயே பரவுகின்றது என அவர் வாதிட்டார். நெருக்கடி மிக்க படைமுகாமே அவருக்கு ஆய்வுகூடமாயிற்று. கூலிக்குப் படையிற் சேர்ந்த ஏழை மக்களின் கண்களே ஆய்வுப் பொருளாயின. இத்தகைய சூழ்நிலையிலேதான், பின்னர் மூர்பீல்ட்ஸ் எனப் புகழ்பெற்ற இலண்டன் கண் மருத்துவமனை ஜோன் கன்னிங்காம் சோண்டர்ஸ் என்பாரால் 1805இல் தொடங்கப்பட்டது.

இதனைக் கொண்டு, கண் மருத்துவம் முழுவதும் போரின் குழந்தையே எனக் கூறுவது எளிமைப்படுத்தலாகும். படையெடுப்புக்கு அரை நூற்றாண்டின் முன்பே டவியேல் எனும் பிரெஞ்சு மருத்துவர் கண்புரையை வெளியே எடுக்கும் சத்திர சிகிச்சையைச் செய்து காட்டியிருந்தார். துறையின் உள்வளர்ச்சி ஏலவே இருந்தது. அதனைத் தனி நிறுவனமாக்கும் சமூகத் தேவையையே போர் விரைவுபடுத்திற்று. புறக்காரணியும் உட்காரணியும் இயங்கியல் உறவில் நிற்பதை இங்குக் காண்கிறோம்.

இவ்விடத்தில் தோமஸ் யங் என்பாரைப் பற்றிக் கூறுதல் அவசியம். கண்வில்லையின் வடிவமாற்றத்தாலேயே அண்மையும் சேய்மையும் தெளிவாகத் தெரிகின்றன என 1793இல் வாதிட்டவரும், ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியிற் குவியாத குறையை 1801இல் தம் கண்ணிலேயே அளந்து விவரித்தவரும் அவரே. அதே மருத்துவர் 1814 முதல் றோசெற்றாச் சாசனத்தை ஆராய்ந்து, 1819இல் கலைக்களஞ்சியக் கட்டுரை மூலம் சித்திர எழுத்துகள் சிலவற்றின் ஒலிப்பெறுமானத்தை வெளியிட்டார். இத்தகைய பல்துறைப் புலமையை மேதைமை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். மேதைமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், உறவினரான மருத்துவர் ஒருவர் 1797இல் இறந்தபோது விட்டுச்சென்ற இலண்டன் வீடும் பத்தாயிரம் பவுணும் யங்குக்கு அளித்த ஓய்வையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். ஓய்வு என்பது சொத்துடைமையின் மறுபெயராக இருந்த காலம் அது.

1822இல் சித்திர எழுத்தின் முறைமையை விளக்கிய சம்பொலியனின் வெற்றிக்குக் கொப்திய மொழியறிவு அடிப்படையாயிற்று. பாரிசில் அவர் அம்மொழியில் தேர்ச்சி பெற உதவியோருள் யுகன்னா சிப்திச்சி எனும் எகிப்தியக் குருவும் ஒருவர். இப்பெயரைப் பாடநூல்களிற் காண்பது அரிது. தன் மூதாதையரின் எழுத்தை வாசிக்க உதவிய எகிப்தியன் அவ்வெழுத்தின் வரலாற்றிலிருந்தே அழிக்கப்பட்டான்.

கண் மருத்துவத்திலும் நிலைமை வேறன்று. பார்வை பற்றிய தமது பெருநூலை இப்னு அல்ஹைதம் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கெய்ரோவில் எழுதினார். உட்டுளையுள்ள ஊசியாற் கண்புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை விவரித்த அம்மார் அதே காலத்து எகிப்திலே தொழில் புரிந்தவர். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்டு, 1873இல் கேயோர்க் ஏபெர்ஸ் என்ற யேர்மனியர் லுக்சோரில் விலைக்கு வாங்கிய பப்பிரசுச் சுருளிற் கண்நோய்களுக்கென ஏறத்தாழ நூறு மருந்துக் குறிப்புகள் உள்ளன. அச்சுருளை வாசிக்கும் திறவுகோல் றோசெற்றாக் கல்லின் வழியே கிடைத்தது. போரினாற் கிடைத்த தொல்லியல் அறிவு, கண் மருத்துவத்தின் தொன்மையை மீட்டுத் தந்தது. ஆயின் மீட்கப்பட்ட சுருள் லைப்சிக் நகருக்குச் சென்றது.

1882இல் எகிப்து பிரித்தானிய ஆதிக்கத்தின் கீழ் வந்தபின் இரு துறைகளும் மீண்டும் சந்தித்தன. இம்முறை சந்திப்பிடம் பெல்லாகின் எனப்படும் ஏழை விவசாயியின் உடலாகும். பிளிண்டேர்ஸ் பெற்றி முதலியோரின் அகழ்வுகளில் மண் சுமந்தோர் இவ்விவசாயிகளே. குப்த் எனும் ஊரவர் 1890களில் அவரிடம் பயின்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த அகழ்வாளராயினர். திரக்கோமா பரந்து கிடந்ததும் அதே விவசாய சமூகத்திலேதான். முகம் கழுவப் போதிய தூயநீர் இன்மை, நெருக்கடியான குடியிருப்பு, ஈக்கள் என்பன அந்நோயை வளர்ப்பன. சுருங்கக் கூறின், அது வறுமையின் நோய்.

1903இல் ஏர்ணஸ்ற் கசெல் எனும் நிதியதிபர் அளித்த நன்கொடையைக் கொண்டு, மக்கலன் எனும் மருத்துவரின் பொறுப்பில், ஊரூராகச் செல்லும் கூடாரக் கண் மருத்துவமனைகள் தொடங்கப்பட்டன. அவை ஆற்றிய நற்பணியை எவரும் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆயினும் 1902இல் நிறைவுற்ற அசுவான் அணைக்கு நிதி ஏற்பாடு செய்தவரும் அதே கசெல் என்பதை மறத்தலாகாது. அணை நீர் பருத்திக்குப் பாய்ந்தது. பருத்தி ஆங்கிலேய ஆலைகளுக்குப் போயிற்று. விவசாயியின் கண்ணுக்குக் கூடாரம் வந்தது. கருணையும் மூலதனமும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாயின.

அறிவு ஆதிக்கத்தின் கருவி மட்டுமே என்ற முடிவுக்கு நாம் வருவோமாயின் அதுவும் தவறாகும். கெய்ரோவிற் கண் மருத்துவராகப் பணியாற்றிய மக்ஸ் மெயர்கோவ், ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் பற்றிய பத்து ஆய்வுரைகளை 1928இற் பதிப்பித்தார். நோயாளியின் மொழியிலிருந்தே அவர் ஏட்டின் மொழிக்குச் சென்றார். திரக்கோமாக் கிருமியை 1950களின் நடுப்பகுதியிற் பீக்கிங்கிலே வளர்த்தெடுத்த தாங் பெய்பான், தம் கண்ணிலேயே அதனைச் செலுத்தி நோயின் காரணத்தை உறுதிப்படுத்தினார். அவர் 1958இல் அரசியற் கண்டனங்களுக்கு ஆளாகித் தம் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. சமவுடைமையில் நம்பிக்கை கொண்ட நாம் இதனை மறைத்தெழுதுவோமாயின், யுகன்னாவை மறந்த வரலாற்றாசிரியரைக் குறைகூறும் தகுதியை இழந்தவராவோம்.

மேலே கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, துறைகளுக்கிடையேயான தொடர்பு ஆய்வாளனின் விருப்பத்தாலன்று, சமூக உறவுகளாலேயே நிகழ்கின்றது. ஆகவே பல்துறை ஆய்வு என்பது பல நூல்களைக் கற்பதோடு அமையாது, அவற்றை இணைத்து நிற்கும் பொருளியல் அடித்தளத்தைக் காண்பதாகும். இரண்டாவது, அறிவின் வரலாற்றில் உழைத்தவனுக்கும் நோயுற்றவனுக்கும் இடமுண்டு. அகழ்வு அறிக்கையில் கண்டெடுத்த பொருளின் அளவு உண்டு. மண் சுமந்தவனின் பெயர் இல்லை. மருத்துவ அறிக்கையில் நோயின் படிநிலை உண்டு. நோயாளியின் கூலி இல்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே வரலாற்று மாணவரின் முன் உள்ள பணியாகும்.