மாறாப் புரதம் என்னும் நம்பிக்கை: வெஸ்டர்ன் பிளாட் முறையில் அளவுச் சான்று

1979இல் டோபின், ஸ்டேஹெலின், கார்டன் ஆகியோர் ஜெல்லில் பிரித்த புரதங்களை நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் கண்டறியும் முறையை வெளியிட்டனர். 1981இல் பர்னெட் அதற்கு 'வெஸ்டர்ன் பிளாட்' எனப் பெயரிட்டார். பட்டையின் அடர்த்தியைக் கொண்டு புரத அளவை ஒப்பிட முற்பட்டபோது, எல்லாத் தடங்களிலும் சம அளவு மாதிரி இடப்பட்டதா என்னும் வினா எழுந்தது. மாறாதவை எனக் கருதப்பட்ட ஆக்டின், டியூபுலின், ஜி.ஏ.பி.டி.எச். ஆகியவற்றுக்கான எதிர்ப்பொருள்கள் அதற்கு விடையாயின.

எனினும், ஆக்சிஜன் குறையும்போது சில உயிரணுக்களில் ஜி.ஏ.பி.டி.எச். உயர்கிறது. மாதிரி மிகுந்தால் ஆக்டின் பட்டை செறிவெல்லையை எட்டி, அளவு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஆகவே தடத்தின் மொத்தப் புரதத்தையும் சாயமிட்டு அளக்கும் வழக்கம் வலுப்பெற்றது. சான்றாக நிறுத்தப்படும் புரதமும் அந்தந்த ஆய்வுச் சூழலில் முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.