இரவல் வலிமை

1889 ஆம் ஆண்டு யூன் மாதம் 1 ஆந் திகதி பாரிசு மாநகரில் உயிரியற் கழகத்தார் கூடியிருந்த அவையிலே முதியவர் ஒருவர் எழுந்து பேசினார். அவர் பெயர் சாள்சு எடுவாட் பிரவுன்-செக்கார். இந்து சமுத்திரத்து மொரீசியசுத் தீவிலே 1817 ஆம் ஆண்டிற் பிறந்து, நரம்பியல் ஆராய்ச்சியாற் பெரும்புகழ் எய்தி, பிரான்சுக் கல்லூரியிலே குளோட் பேணாட் என்னும் பேரறிஞர் வகித்த பேராசிரியர் பதவியைப் பெற்றவர். அன்று அவருக்கு வயது 72. நாயினதும் கினிப்பன்றியினதும் விதைகளிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியாகத் தம் உடம்பிலே ஏற்றிக்கொண்டதாகவும், படிகளில் விரைந்து ஏற முடிந்ததாகவும், முன்கையின் வலுவைக் கருவி கொண்டு அளந்தபோது அது கூடியிருந்ததாகவும் அவர் எடுத்துரைத்தார்.

இச்செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது. இளமை தரும் சாறு என்று கூறி விற்போரும் வாங்குவோரும் பெருகினர். ஆயின் அம்முதியவர் நேர்மை மிக்கவர். ஊசியை நிறுத்தியபின் சில வாரங்களில் பழைய தளர்ச்சி மீண்டும் வந்தடைந்தது என்பதையும் அவர் எழுதி வைத்தார். உலகம் முதற் செய்தியைக் கேட்டது, இரண்டாவதைக் கேட்கவில்லை. இன்று அவரது முறைப்படியே சாறு எடுத்துச் சோதித்தோர், அதில் இருந்த ஓமோனின் அளவு உடம்பில் எந்த மாற்றத்தையும் செய்யப் போதாது எனக் கண்டுள்ளனர். அவருக்குக் கிடைத்த வலிமை நம்பிக்கை தந்த வலிமையே. எனினும், மருந்தை நிறுத்தியபின் எஞ்சுவது யாது என்ற வினா அன்றே பிறந்துவிட்டது. பின்வந்த நூற்றாண்டின் கதை முழுவதும் அவ்வினாவைச் சுற்றியே செல்கின்றது.

சாற்றிலே மறைந்திருந்த பொருளைத் தேடும் முயற்சி ஓயவில்லை. 1931 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் அடொல்வ் பூட்டனாந்து ஆயிரக்கணக்கான லீற்றர் சிறுநீரிலிருந்து ஆண்மை ஓமோன் ஒன்றைச் சில மில்லிகிராம் அளவிற் பிரித்தெடுத்தார். 1935 இல் அம்சுரடாம் நகரத்து ஏணசுற்று லக்குவேர் குழுவினர் ஏறத்தாழ 100 கிலோகிராம் எருதின் விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் தூய பொருளைப் பெற்று அதற்குத் தெஸ்தொஸ்தெரோன் எனப் பெயரிட்டனர். அவ்வாண்டிலேயே பூட்டனாந்தும் சுவிற்சலாந்திற் பணியாற்றிய லெயோபோல்டு ருசிக்காவும் அதனை ஆய்வுகூடத்திலே செயற்கையாக ஆக்கினர். 1939 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு இவ்விருவருக்கும் உரியதாயிற்று. 100 கிலோகிராமிலிருந்து 10 மில்லிகிராம் என்று அரிதாகக் கிடைத்த பொருள், தொழிற்சாலையிலே வேண்டியவாறு கிடைக்கும் பொருளாகிவிட்டது.

அதே 1935 இல் அமெரிக்காவில் சாள்சு கொச்சாக்கியன் என்னும் ஆராய்ச்சியாளர் விதை நீக்கப்பெற்ற நாய்களிலே இத்தகைய ஓமோனைச் செலுத்திப் பார்த்தார். அந்நாய்கள் நைதரசனை வெளியேற்றுவதைக் குறைத்து உடம்பிலே நிறுத்திக்கொண்டன. நைதரசன் தங்குகின்றதெனின் புரதம் சேர்கின்றது என்பதே பொருள். இவ்வாறு புரதத்தைச் சேர்த்து உடலை வளர்க்கும் பண்புபற்றியே இவ்வகைச் சேர்வைகள் உடல் வளர்க்கும் ஸ்டீரொயிட்டுகள் எனப்பட்டன. நோயால் மெலிந்தோரையும் தீக்காயம் பட்டோரையும் தேற்றுதற்கு இவை உதவும் என மருத்துவர் நம்பினர். அந்நோக்கம் நல்லதே.

ஆயின் மருந்து நோயாளியின் கட்டிலோடு நிற்கவில்லை. 1954 ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே உலகப் பாரந்தூக்கும் போட்டி நடைபெற்றது. அமெரிக்கக் குழுவோடு சென்றிருந்த ஜோன் சீகிளர் என்னும் மருத்துவர், சோவியத்து வீரர் தெஸ்தொஸ்தெரோன் ஏற்றிக்கொள்வதை அவர்தம் மருத்துவரிடமிருந்தே அறிந்தார். 1958 இல் சீபா நிறுவனம் டயனபோல் என்னும் மாத்திரையை வெளியிட்டது. சீகிளர் அதனை யோர்க்கு நகரத்துப் பாரந்தூக்கும் வீரர்க்கு வழங்கினார். அவ்வீரர்கள் அக்காலத்தில் அசையாத இரும்புச் சட்டத்தைத் தள்ளும் புதுவகைப் பயிற்சி ஒன்றையும் செய்துவந்தனர். வலிமை பெருகியபோது அப்பயிற்சியே காரணம் எனப் பறைசாற்றப்பட்டது. மாத்திரையின் பங்கு மறைக்கப்பட்டது. தாம் விதித்த அளவினும் பன்மடங்கு மாத்திரைகளை வீரர்கள் விழுங்குவதைப் பின்னர்க் கண்ட சீகிளர், தம் செயலுக்காக வருந்தினார்.

கிழக்கு ஜேர்மனியிலோ இது அரசின் திட்டமாகவே நடைபெற்றது. பதின்ம வயதுச் சிறுமியர்க்கு உயிர்ச்சத்து எனக் கூறி இம்மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. குரல் தடித்தும் உடல்நலம் கெட்டும் பலர் வாழ்நாள் முழுதும் துன்புற்றனர். அந்நாடு மறைந்தபின் 2000 ஆம் ஆண்டிலே பேளின் நீதிமன்றம் முன்னாள் விளையாட்டுத் துறைத் தலைவரையும் மருத்துவர் ஒருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலே இவ்வகை மருந்துகளுக்கான சோதனை முதன்முதல் நடந்தது. 1988 செப்ரெம்பர் 24 ஆந் திகதி, சியோல் நகரிலே கனடா நாட்டு பென் ஜோன்சன் 100 மீற்றர் தூரத்தை 9.79 செக்கனில் ஓடி உலகை வியக்கவைத்தார். சில நாட்களுள் அவரது சிறுநீரில் ஸ்டனோசொலோல் காணப்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டது. தடைக்காலம் முடிந்து 1991 இல் மீண்ட அவர் பழைய வேகத்தை எட்டவில்லை. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் அரையிறுதியோடு நின்றார். 1993 இல் மீண்டும் மருந்து காணப்பட்டு வாழ்நாள் தடை பெற்றார். மருந்தை விட்டபின் தளர்வதும், தளர்ச்சி பொறாது மீண்டும் மருந்தை நாடுவதும் பெயர் அறியப்படாத எத்தனையோ இளைஞரின் கதையாகும்.

இத்தளர்ச்சி ஏன் நேர்கின்றது? குளமொன்றை நினைத்துக்கொள்ளலாம். ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே குளத்திற்கு நீர் வருகின்றது. குளம் நிரம்பியதும் காவற்காரன் வாய்க்காலை அடைத்துவிடுகின்றான். மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழும் கபச்சுரப்பியும் அத்தகைய காவற்காரர். வெளியிலிருந்து ஓமோன் வந்து நிறையும்போது, இனி வேண்டாம் என்று அவை விதைகளுக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவிடுகின்றன. விதைகள் வேலையின்றிச் சுருங்குகின்றன. நெடுநாள் அடைபட்ட வாய்க்காலிலே மண் சேர்வது போன்ற நிலை இது. மருந்து நின்ற அன்றே உடம்பின் ஊற்று திறப்பதில்லை. வாரங்களும், சிலரிடத்து மாதங்களும், அதற்கு மேலுங்கூடச் செல்லும். அவ்விடைக்காலத்தில் மருந்தும் இல்லை, இயற்கை ஓமோனும் இல்லை. தசை கரைகின்றது; சோர்வும் மனவாட்டமும் சூழ்கின்றன. அந்நேரத்தில் தாமாகவே வேறு மருந்து தேடுவது மேலும் கேடு தரும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி இரத்தத்தைச் சோதிப்பதே தக்கது.

மற்றொரு காரணமும் உண்டு. 1996 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 10 வாரம் நடத்திய சோதனையிலே, பயிற்சியே செய்யாது மிகை அளவு தெஸ்தொஸ்தெரோன் பெற்றவர்க்குக் கொழுப்பல்லாத உடற்பாரம் ஏறத்தாழ 3 கிலோகிராம் கூடிற்று. மருந்தின்றிப் பயிற்சி செய்தவர்க்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் கூடிற்று. இரண்டையும் சேர்த்தவர்க்கோ 6 கிலோகிராம். உழைப்பாற் பெறத்தக்க அளவிற்கு அப்பாற்பட்ட பகுதியை மருந்தே தாங்கி நிற்கின்றது என்பது இதனாற் புலனாகும். தாங்கும் தூண் போனபின் கூரை எவ்வாறு நிற்கும்?

எனினும் எல்லாமே மறைந்துபோவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2013 இல் ஒசுலோ பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளுக்கு இரு வாரம் தெஸ்தொஸ்தெரோன் கொடுத்தனர். தசைநார்கள் தடித்தன, அவற்றுள்ளிருக்கும் கருக்களும் பெருகின. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் சென்றபின் தசை பழைய அளவிற்குச் சுருங்கிவிட்டது, கருக்களோ குறையவில்லை. பின் அத்தசைகளுக்கு வேலை கொடுத்தபோது, ஆறே நாளில் அவை ஏறத்தாழ 30 வீதம் வளர்ந்தன. மருந்து பெறாத எலிகளிடத்து அவ்வளர்ச்சி இல்லை. மனிதரிடத்தும் இவ்வாறே நிகழுமாயின், மருந்துண்டவர் தடைக்காலத்தின் பின்னும் நேர்மையான வீரரைவிட மேம்பட்ட நிலையில் இருப்பர். 2015 இல் உலக ஊக்கமருந்துத் தடை விதிகள் தடைக்காலத்தை இரண்டாண்டிலிருந்து நான்காண்டாக உயர்த்தியபோதும் இவ்வினா தீர்ந்துவிடவில்லை. ஆனால் கருக்கள் எஞ்சுவது தசை எஞ்சுவதாகாது. சுண்டெலியின் தசை சுருங்கவே செய்தது. வேலை கொடுத்தபோதே வளர்ந்தது.

ஆகவே, உழைத்துப் பெற்ற வலிமையின் இயல்பை அறிதல் நன்று. 1945 இல் தோமசு டெலோம் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர், போரிற் காயமுற்ற வீரர்க்குப் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்விக்கும் பயிற்சி முறையை வெளியிட்டார். அவ்வாறு பெற்ற வலிமையைக் காப்பதும் எளிது. 2011 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 16 வாரம் பயின்ற இளைஞர் பின்னர் ஒன்பதில் ஒரு பங்கு பயிற்சியை மட்டும் செய்து, 32 வாரம் தசையின் அளவைக் காத்துக்கொண்டனர். முதியோர்க்குக் கூடுதலான பயிற்சி வேண்டியிருந்தது.

மருந்தை விட்டுவிட்ட இளைஞனுக்கும் இவ்வழி திறந்தேயிருக்கின்றது. அவன் இழக்கப்போவது தன் உடம்பு தாங்கவொண்ணாத பகுதியையே. போதிய உணவும் உறக்கமும் கொண்டு, பாரத்தை அளவோடு தூக்கி, இழப்பைக் கண்டு அஞ்சாது சில மாதம் பொறுப்பானாயின், எஞ்சுவது அவனுக்கே உரியதாகும். பழங்கிரேக்கத்துக் குறோத்தோன் நகர மல்லன் மைலோ கன்றுக்குட்டி ஒன்றை நாள்தோறும் தூக்கி வந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்தது என்றும் ஒரு கதை உண்டு. அவன் காத்திருந்தது கன்று காளையாகும் காலம் வரை. அப்பொறுமைக்கு ஈடான மருந்தைப் பிரவுன்-செக்காரும் கண்டிலர். அவருக்குப் பின் வந்தோரும் கண்டிலர்.