திருச்சியிலிருந்து தெரணியகலைக்கு

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 420 கிலோமீற்றர். இன்றைய விமானம் அதை ஒரு மணித்தியாலமளவில் கடந்துவிடுகிறது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தெரணியகலை உள்ளிட்ட சப்பிரகமுவைத் தோட்டப் பகுதிகளுக்கு ஆட்கள் வந்த காலத்தில் அதே இடைவெளிக்கு நாட்கணக்கு ஆயிற்று.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியதும் ரயிலும் கப்பலும் இணைந்த ‘போட் மெயில்’ முதன்மை வழியாயிற்று. கடல் மட்டும் ஏறக்குறைய 35 கிலோமீற்றர். இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆனால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணியும் அவரது கூட்டமும் அதற்கு முன்பே மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பிறகே கப்பலேற முடிந்தது. பயணச்சீட்டு வாங்கியவருக்கு அது ஒரு பயணம். தோட்டத்துக்கு வந்தவருக்குப் பாதிப் பயணம் காத்திருப்பே.

தலைமன்னாரில் ரயிலேறிக் கொழும்பு வந்தவர்களுக்கு அடுத்தது களனிவெளி ரயில். இரண்டரை அடி அகலமேயுள்ள குறுந்தண்டவாளத்தில் ஓடிய அந்த ரயில், தேயிலையையும் இறப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவே போடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே அவிசாவளையையும் எட்டியாந்தோட்டையையும் எட்டிய பாதை, 1912இல் இரத்தினபுரிக்குப் போயிற்று. தெரணியகலை அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அவிசாவளையில் இறங்கிய பிறகு சீதாவாக்கை ஆற்றுப் பக்கமாக மலையேற வேண்டியிருந்தது.

வான்வழி திறந்தபோது தோட்டக்காரருக்கு அதனால் பெரிய பயனில்லை. இரத்மலானை விமான நிலையம் 1935இல் இயங்கத் தொடங்கியது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டி.சி.-3, அங்கிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தது. இரத்மலானைக்கும் காங்கேசன்துறை விமான நிலையமான பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர். இரவெல்லாம் ரயிலில் போகும் தூரம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. ஆனால் திறமையற்ற தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு 1939இலேயே தடைசெய்திருந்தது. எயார் சிலோன் பறக்கத் தொடங்கி ஓராண்டு ஆகுமுன்பே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதன் பிறகு மைலைவிடக் கையிலிருக்கும் கடதாசியே தூரத்தைத் தீர்மானித்தது.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. இரண்டு மாதம் முடியுமுன்பே, அந்த டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே திரும்பிப் போனவர்களின் கப்பல் இராமேசுவரத்தில் கரைசேர்ந்தது. தாத்தா காத்திருந்த மண்டபம் முகாமிலேயே பேரனும் பதிவுக்காகத் தங்கினான். உள்நாட்டுப் போர் மூண்டதும், 1984இல், அந்தக் கப்பலும் நின்றது. அவிசாவளைக்கு அப்பாலான களனிவெளிப் பாதை 1976க்குள்ளேயே மூடப்பட்டுவிட்டது.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டது; 2025 மார்ச்சில் திருச்சிக்கும் அங்கிருந்து விமான சேவை தொடங்கியது. நேர்கோட்டில் 185 கிலோமீற்றரளவே என்பதால் இரு நாட்டுக்குமிடையே மிகக் குறுகிய வான்பாதைகளில் இதுவும் ஒன்று. எனினும் தெரணியகலையிலிருந்து பார்த்தால் பலாலி நாட்டின் மறுமுனை. இங்கிருந்து திருச்சிக்குப் போகிறவர் கட்டுநாயக்கவுக்கே போகிறார். அவிசாவளை வழியாக விமான நிலையம் சேர எடுக்கும் நேரம், கடலைத் தாண்டிப் பறக்கும் நேரத்தைவிட அதிகம்.